பொய் சொன்ன பெட்டி உண்மை பேசுகிறது!

பழைய வால்வு சோதனைக் கருவிகளுக்கு உயிர் கொடுக்கும் அமெரிக்க முதியவர்கள்

அமெரிக்காவில் ஒரு சிறிய ஊர். 1950-களின் கடைசி.

ஒரு சிறுவன் மருந்துக் கடைக்குள் நுழைகிறான். கையில் ஒரு காகிதப் பை. பைக்குள் இருப்பது மருந்துச் சீட்டு அல்ல. ஐந்து கண்ணாடி வால்வுகள்!

முந்தின நாள் இரவு வீட்டு ரேடியோ வாயை மூடிக்கொண்டது. அப்பா ரேடியோவின் முதுகுப் பலகையைக் கழற்றினார். உள்ளே இருந்த வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மகனிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கடையின் மூலையில் ஓர் உயரமான பெட்டி நிற்கிறது. அதன் மேல் பலகை முழுவதும் வால்வு செருகும் சாக்கெட்டுகள். நடுவில் ஒரு முள். முள்ளுக்குக் கீழே சிவப்பும் பச்சையும். "கெட்டது", "சந்தேகம்", "நல்லது" என்று மூன்று தீர்ப்புகள்.

சிறுவன் ஒரு வால்வைச் செருகுகிறான். அட்டவணையைப் பார்த்துக் குமிழ்களைத் திருப்புகிறான். பொத்தானை அழுத்துகிறான். முள் மெல்ல நகர்கிறது.

"கெட்டது!"

பெட்டியின் அடியில் பூட்டிய அலமாரி. அதற்குள் புது வால்வுகள். கடைக்காரர் சாவியோடு வருகிறார். காசைக் கொடுத்துப் புது வால்வை வாங்கிக்கொண்டு சிறுவன் வீட்டுக்கு ஓடுகிறான்.

இது ஒரே ஒரு சிறுவனின் கதை அல்ல. அந்தக் காலத்து அமெரிக்காவில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி மருந்துக் கடைக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று எழுபது வயதைத் தாண்டிய தாத்தாக்கள். அவர்களில் சிலர் அந்தப் பெட்டியை மறக்கவே இல்லை. இன்று பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பழுது பார்ப்பதே அவர்களுடைய பொழுதுபோக்கு.

பழுது பார்க்க உட்கார்ந்தவுடன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "இந்தப் பெட்டி சொல்வது உண்மையா?" என்பதுதான் அது.

ஐந்தும் அணைந்தால்?

ஐந்து வால்வுகளையும் ஏன் கொண்டு போக வேண்டும்? கெட்டுப் போன ஒன்றை மட்டும் கொண்டு போனால் போதாதா?

போதாது! அக்காலத்து மலிவு விலை ரேடியோக்களில் ஐந்து வால்வுகளையும் ஒரே மின்சாரப் பாதையில் வரிசையாகக் கோத்திருப்பார்கள். கலியாண வீட்டுச் சீரியல் விளக்கைப் போல. ஒன்றின் இழை அறுந்தால் ஐந்தும் அணைந்துவிடும். குற்றவாளி யார் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஐவரையும் பிடித்து விசாரித்தால்தான் தெரியும்.

ரேடியோவில் ஐந்து என்றால், அன்றைய டெலிவிஷனில் இருபது, முப்பது வால்வுகள் இருந்தன. 1946-ம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான "எனியாக்" என்ற மின்னணு கம்ப்யூட்டரில் சுமார் 18 ஆயிரம் வால்வுகள்! ஒன்று கெட்டாலும் கணக்கு தப்பிவிடும். அது வால்வு கெடாமல் தொடர்ந்து ஓடிய மிக நீண்ட நேரம் 116 மணி. அதாவது ஐந்து நாள் கூட இல்லை. அந்தச் சாதனையை எட்டியது 1954-ல்தான்.

வால்வு இருந்த இடத்தில் எல்லாம் சோதனைப் பெட்டியும் தேவைப்பட்டது.

மதகும் தண்ணீரும்

வால்வு என்றால் என்ன?

காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிய கண்ணாடிக் குமிழ் அது. உள்ளே ஓர் இழை சிவக்கச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில், கேத்தோடு என்ற பகுதியிலிருந்து எலெக்ட்ரான் என்னும் நுண்ணிய மின்துகள்கள் கிளம்புகின்றன. எதிரே ஓர் உலோகத் தகடு. அதற்கு நேர் மின்சாரம் கொடுத்தால் அது எலெக்ட்ரான்களை இழுத்துக்கொள்ளும். 1904-ம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் அம்புரோஸ் பிளெமிங் செய்த வால்வு இவ்வளவுதான்.

இரண்டே ஆண்டுகளில் அமெரிக்காவைச் சேர்ந்த லீ டி பாரஸ்ட் இன்னொரு பகுதியைச் சேர்த்தார். கேத்தோடுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பை வைத்தார். அதற்கு கிரிட் என்று பெயர்.

ஏரியின் மதகை நினைத்துப் பாருங்கள். ஏரி நிறையத் தண்ணீர். மதகுப் பலகையைக் கொஞ்சம் தூக்கினால் வாய்க்காலில் வெள்ளம். கொஞ்சம் இறக்கினால் வெள்ளம் அடங்கிவிடும். பலகையை அசைக்க ஒரு மனிதனின் கை போதும். ஆனால் அது அடக்கி ஆளும் தண்ணீரோ ஊருக்கே பாயும்!

கிரிட்தான் அந்த மதகுப் பலகை. அதில் துளி மின்சாரம் அசைந்தால், தகட்டுக்குப் போகும் மின்சாரம் பெரிதாக அசைகிறது. வானில் வரும் மெலிந்த ரேடியோ அலை, கூடம் நிறைய ஒலிக்கும் பாட்டாக மாறியது இப்படித்தான்.

நம் நாட்டு வீடுகளிலும் வால்வு ரேடியோ பாடியது. சுவிட்சைப் போட்டதும் பாடாது. வால்வு சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ம் ஆண்டில் ரேடியோ வால்வுகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

இரண்டு வகை நீதிபதிகள்

வால்வுக்கு வயது உண்டு. கேத்தோடு தேய்ந்து போகும். எலெக்ட்ரான் குறையும். சில வால்வுகளுக்குள் காற்று கசிந்துவிடும். சிலவற்றில் ஒரு பகுதி இன்னொன்றின் மேல் சாய்ந்து ஷார்ட் ஆகிவிடும்.

காற்று புகுந்ததைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். பல வால்வுகளின் கண்ணாடியில் உட்புறம் வெள்ளிப் பூச்சுப் போல ஒரு பளபளப்பு இருக்கும. மிச்சம் மீதி வாயுவை விழுங்குவதற்காக வைத்த உலோகப் பூச்சு அது. அது பால் போல வெளுத்துவிட்டால், வால்வின் கதை முடிந்தது என்று பொருள்.

மற்ற நோய்களைக் கண்டுபிடிக்கத்தான் பெட்டி வேண்டும். பெட்டிகள் இரண்டு வகை.

ஒரு வகை, வால்விலிருந்து எவ்வளவு எலெக்ட்ரான் கிளம்புகிறது என்று மட்டும் பார்க்கும். மதகு வேலை செய்கிறதா என்று பார்க்காது. இது மலிவு. மருந்துக் கடைகளில் நின்ற பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்.

இரண்டாவது வகை, வால்வை வேலை செய்ய வைத்துப் பார்க்கும். கிரிட்டில் சிறிய மின்சாரத்தை அசைத்து, தகட்டு மின்சாரம் எவ்வளவு அசைகிறது என்று அளக்கும்.

ஆளின் தோளைப் பார்த்து "பலசாலி" என்று சொல்வது முதல் வகை. நெல் மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பது இரண்டாவது வகை. தோள் பெருத்தவன் எல்லாம் மூட்டை தூக்குவானா? மெலிந்தவன் எல்லாம் சோப்ளாங்கியா?

அதனால் முதல் வகைப் பெட்டி நல்ல வால்வைச் சில சமயம் "கெட்டது" என்றது. கெட்ட வால்வைச் சில சமயம் "நல்லது" என்றது. முள் "சந்தேகம்" என்ற இடத்தில் நின்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? எதற்கு வம்பு என்று புதிதாக ஒன்றை வாங்கிவிடுவார்கள்!

கிளீவ்லாந்து பெட்டி

இரண்டாவது வகையில் பேர் பெற்றது "ஹிக்காக்". அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், கிளீவ்லாந்து நகரத்துக் கம்பெனி. அதன் என்ஜினீயர் ஜாப் பார்ன்ஹார்ட் என்பவர் 1930-களில் கண்ட முறையை வைத்துப் பல பத்தாண்டுகள் அந்தக் கம்பெனி பெட்டிகள் செய்தது.

ஹிக்காக் பெட்டி வால்வின் திறமையை எண்ணாகச் சொல்லும். அந்த அளவுக்கு "மைக்ரோமோ" என்று பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்சாரத்தைத் தடுக்கும் அளவுக்கு "ஓம்" என்று பெயர் அல்லவா? அதை ஆங்கிலத்தில் எழுதித் தலைகீழாகப் படித்தால் "மோ". தடுப்பதற்கு எதிர்ப்பதம், பெயரிலும் எதிர்! 1971-ம் ஆண்டில் உலக அளவைகள் மாநாடு இதற்கு "சீமென்ஸ்" என்று புதுப் பெயர் சூட்டியது. பழைய பெட்டிகளின் முகத்தில் இன்னும் "மைக்ரோமோ"தான்.

கிதார் வாத்தியத்தின் ஒலியைப் பெருக்கும் கருவிகளில் "12 ஏ.எக்ஸ். 7" என்ற சிறிய வால்வு இருக்கும். 250 வோல்ட்டில் அதன் சரியான அளவு 1,600 மைக்ரோமோ. பெட்டி அதில் பாதி காட்டினால் வால்வு தளர்ந்துவிட்டது. ஆனால், தளர்ந்தது வால்வா, பெட்டியா?

அமெரிக்க ராணுவத்துக்கும் ஹிக்காக் முறை பிடித்துப் போனது. பச்சைப் பெட்டி ஒன்றைச் செய்து வாங்கினார்கள். அதன் பெயர் "டி.வி.-7". டெலிவிஷனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வால்வு சோதனைக் கருவிக்கு ராணுவம் வைத்த அடையாள எழுத்துக்களே அவை.

டெலிபோன் கம்பெனிக்கு இன்னும் ஒரு படி மேலான கருவி. ஒவ்வொரு வால்வுக்கும் துளையிட்ட ஓர் அட்டை. அட்டையைச் செருகினால் போதும். துளைகளைப் பார்த்து பெட்டியே தன்னைத் தயார் செய்துகொள்ளும். குமிழ் திருப்பும் வேலையே இல்லை!

இங்கிலாந்தில் "ஏவோ" கம்பெனியின் பெட்டிகள் புகழ் பெற்றன. ராணுவத்துக்காகச் சூட்கேஸ் போல மூடித் தூக்கிப் போகும் பெட்டியையும் அந்தக் கம்பெனி செய்தது.

குப்பைக்குப் போன பெட்டிகள்

1947-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதைக் கண்ட பார்டீன், பிராட்டைன், ஷாக்லி மூவரும் 1956-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

டிரான்சிஸ்டருக்குச் சூடு வேண்டாம். கண்ணாடி வேண்டாம். கொஞ்ச மின்சாரம் போதும். வால்வு மெல்ல மெல்ல விடைபெற்றது. 1970-களில் மருந்துக் கடைப் பெட்டிகளும் மறையத் தொடங்கின. ரிப்பேர் கடைகளின் பெட்டிகள் கொட்டகைக்கும் நிலவறைக்கும் போயின. பல பெட்டிகள் குப்பைக்கே போயின.

அவற்றில் தப்பிப் பிழைத்தவையே இன்று பொழுதுபோக்குக்காரர்களின் கைக்கு வருகின்றன. ஓஹையோ மாநிலத்தில் ஹாம் ரேடியோக்காரர்களின் பெரிய விழா ஒன்று 1952-ம் ஆண்டிலிருந்து நடக்கிறது. முன்பு டேட்டன் நகரில் நடந்தது. 2017 முதல் பக்கத்தில் உள்ள ஸீனியாவில் கூடுகிறது. அங்கே பழைய சாமான் சந்தையும் உண்டு. காலையிலேயே தாத்தாக்கள் சந்தையைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். தூசி படிந்த பெட்டியைக் கண்டால் போதும். கண்கள் பளிச்சிடும்!

"சுவிட்சைப் போடாதே!"

பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. உடனே சுவிட்சைப் போட்டுப் பார்க்க ஆசை வரும். அனுபவம் உள்ளவர் போடவே மாட்டார்.

நாற்பது ஆண்டு தூங்கிய பெட்டி அது. உள்ளே வயரின் மேலுறை உதிர்ந்திருக்கலாம். எலி கடித்திருக்கலாம். முழு மின்சாரம் பாய்ந்தால் டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடும். அந்த டிரான்ஸ்பார்மர் அந்தப் பெட்டிக்கென்றே சுற்றியது. வேறு எங்கே கிடைக்கும்?

ஆகவே, முதலில் திருகுகளைக் கழற்றி உள்ளே பார்ப்பார். தூசியைத் துடைப்பார். பிறகு ஒரு சாதாரண பல்பைப் பெட்டிக்கு முன்னால் தொடராக இணைத்து மின்சாரம் கொடுப்பார். நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகளும் இந்த "சீரீஸ் லாம்ப்" தந்திரத்தை அறிவார்கள். பல்பு மங்கலாக எரிந்தால் பிழை இல்லை. பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். பெட்டி தப்பியது!

ஹிக்காக் பெட்டிக்குள்ளேயும் இந்தத் தந்திரம் இருக்கிறது. ஒரு சிறிய பல்பு அதற்குக் காவலாளி. ஷார்ட் ஆன வால்வை யாராவது செருகினால் அந்தப் பல்பு பிரகாசமாக எரியும். வேண்டுமானால் தன் உயிரைக் கொடுத்துப் பெட்டியைக் காப்பாற்றும். சில பெட்டிகளில் இந்தப் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறு பல்பு இருக்கும். அவசரத்தில் யாரோ கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். அங்கேயே பொய் ஆரம்பமாகிவிடும்.

முதுமை யாரை விட்டது?

பெட்டி ஏன் பொய் சொல்கிறது? அதற்கும் முதுமை வந்துவிட்டது. அதுதான் காரணம்.

உள்ளே "ரெசிஸ்டர்" என்னும் சிறிய மின்தடைகள் உண்டு. கரியினால் செய்தவை. வயதாக ஆக, அவற்றின் அளவு ஏறிக்கொண்டே போகும். "கண்டென்சர்" என்ற சாமான்களில் சில, மெழுகுக் காகிதத்தால் செய்தவை. அவை ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கசிய விடும். ரெசிஸ்டரை ஒவ்வொன்றாக அளந்து, கெட்டதை மாற்ற வேண்டும். காகிதக் கண்டென்சரை அளக்காமலேயே மாற்றிவிடுவார்கள் பலர்.

சுவிட்சுகளின் உள்ளே பச்சைக் களிம்பும் கருப்பும் படிந்திருக்கும். அதற்கென்று உள்ள திரவத்தைத் துளித் துளியாக விட்டு, முன்னும் பின்னும் பலமுறை திருப்பித் திருப்பிச் சுத்தம் செய்கிறார்கள்.

சாக்கெட்டுகளோ, ஆயிரக்கணக்கான வால்வுகள் ஏறி இறங்கித் தளர்ந்தவை. வால்வின் காலை இறுகப் பிடிக்காது. பிடி தளர்ந்தால் முள் நடுங்கும்.

பெட்டிக்குள் நீண்ட காகிதச் சுருள் ஒன்று இரண்டு உருளைகளில் சுற்றியிருக்கும். ஒவ்வொரு வால்வுக்கும் எந்தக் குமிழை எங்கே வைக்க வேண்டும் என்று அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்தச் சுருள் மஞ்சளாகி, ஓரம் கிழிந்து கிடக்கும். சுருள் இல்லாத பெட்டி, பஞ்சாங்கம் தொலைத்த ஜோசியரைப் போல! அதனால் நல்ல சுருளைப் பிரதி எடுத்துப் புதிதாக அச்சடித்து ஒருவருக்கொருவர் கொடுத்து உதவுகிறார்கள்.

முள் உள்ள மீட்டர்தான் மிகவும் மெல்லிய பகுதி. அதன் காந்தத்தில் ஓர் இரும்புத் துகள் ஒட்டினாலும் முள் பாதியில் நின்றுவிடும். அதை எடுக்கும்போது மூச்சைக் கூட மெதுவாக விட வேண்டும். வயதான கைக்கு நடுக்கம் உண்டு. கண் மங்கல். மேஜையில் பூதக்கண்ணாடியை நிறுத்திக்கொண்டு, முழங்கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு, பொறுமையாக வேலை செய்கிறார்கள். இன்று முடியாவிட்டால் நாளை.

ஒரு கை பையில்!

பொறுமை மட்டும் போதாது. எச்சரிக்கையும் வேண்டும்.

இந்தப் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. தொட்டால் உயிருக்கே ஆபத்து. வால்வுக் கருவிகளில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில கண்டென்சர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அணைந்த அடுப்பு என்று கையை வைத்தவன் கதை ஆகிவிடும்.

அதனால் இந்தத் தொழிலில் ஒரு பழைய விதி உண்டு. "மின்சாரம் உள்ளபோது ஒரு கை வேலையில், ஒரு கை சட்டைப் பையில்!" இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். நடுவில் இருப்பது இருதயம்!

தெரியாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

நீல ஒளியும் சண்டையும்

வால்வைச் சோதிக்கும் ஹிக்காக் பெட்டிக்கு உள்ளேயே வால்வுகள் உண்டு! ஒன்றின் எண் 83. அதற்குள் பாதரச ஆவி. வேலை செய்யும்போது அழகான நீல நிறத்தில் ஒளிரும். அறையின் விளக்கை அணைத்துவிட்டு அந்த நீலத்தைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம் என்பார்கள்.

அழகுக்காக அதை வைக்கவில்லை. சோதிக்கும் வால்வு கொஞ்சம் இழுத்தாலும் நிறைய இழுத்தாலும், பாதரச வால்வில் ஏற்படும் மின்னழுத்த இழப்பு ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். அளவு தப்பாமல் இருப்பதற்கு அது தேவை.

இதைப் பற்றிப் பொழுதுபோக்குக்காரர்களுக்குள் ஓயாத வழக்கு உண்டு. "பாதரசம் விஷம். வால்வு உடைந்தால் கெடுதி. புதுக்கால டயோடு ஒன்றைப் போட்டுவிடலாம்" என்பது ஒரு கட்சி. "டயோடு போட்டால் வோல்ட் மாறும். மாறினால் தீர்ப்பும் மாறும். பழையதே இருக்கட்டும்" என்பது மறு கட்சி. டயோடு போடுகிறவர்கள், வோல்ட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேறு சாமானையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது.

நீதிபதிக்குச் சோதனை

எல்லாச் சாமானும் மாற்றியாயிற்று. சுத்தம் செய்தாயிற்று. முள் ஆடுகிறது. வேலை முடிந்ததா?

இல்லை. இனிமேல்தான் முக்கியமான வேலை! பெட்டி பேசுகிறது. அது பேசுவது மெய்யா என்று பார்க்க வேண்டும்.

முதலில், கையேட்டில் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் வோல்ட்டை அளப்பார்கள். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கையேட்டில் உள்ள எண்கள், அந்தக் காலத்து முள் மீட்டரால் அளந்தவை. இந்தக் காலத்து டிஜிட்டல் மீட்டர் சில இடங்களில் வேறு எண்ணைக் காட்டும். பெட்டி சரியாக இருந்தும் "தப்பு" என்று நினைத்து அதைத் திருகிக் கெடுத்தவர்கள் உண்டு. பழைய பெட்டியைச் சோதிக்கப் பழைய மீட்டரையும் தேட வேண்டியிருக்கிறது!

வீட்டு மின்சாரமும் அன்று போல இன்று இல்லை. அந்தப் பெட்டிகள் 117 வோல்ட் அளவுக்குச் செய்தவை. இன்று அமெரிக்க வீடுகளில் 120-க்கு மேலும் வருகிறது. அதற்காகவே பெட்டியில் ஒரு குமிழ் உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் பொத்தானை அழுத்தி, முள்ளைக் குறித்த கோட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இதை மறந்தால் எல்லாத் தீர்ப்பும் தப்பு.

கடைசியில் வருவது சாட்சி விசாரணை. அளவு தெரிந்த நல்ல வால்வு ஒன்றைச் செருகுகிறார்கள். அதன் அளவு வேறொரு நம்பகமான கருவியில் அளந்து எழுதி வைத்தது. பெட்டி அதே எண்ணைச் சொன்னால், அது மெய் பேசுகிறது. சொல்லாவிட்டால், மறுபடியும் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

இப்படி அளவு தெரிந்த வால்வுகளைப் பெட்டிக்காரர்கள் தங்கம் போலப் பாதுகாக்கிறார்கள். பெயரும் எண்ணும் எழுதிப் பஞ்சில் பொதிந்து வைக்கிறார்கள். தராசு வைத்திருப்பவன் படிக்கல்லைப் பாதுகாப்பது போல.

இவ்வளவும் எதற்கு?

"வால்வே போய்விட்டது. வால்வைச் சோதிக்கும் பெட்டி எதற்கு?" என்று கேட்கலாம்.

வால்வு போகவில்லை! கிதார் வாசிப்பவர்களில் பலர் இன்றும் வால்வு கருவியின் ஒலியையே விரும்புகிறார்கள். சங்கீதம் கேட்பதில் ருசி உள்ளவர்களும் வால்வு ஆம்பிளிபயரை நாடுகிறார்கள். பழைய ரேடியோ சேகரிப்பவர்களுக்கும் வால்வு வேண்டும். மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கும் மேக்னெட்ரான் கூட ஒரு வகை வால்வுதான்.

சில ரகங்களை ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். 2022-ம் ஆண்டு மார்ச் மாதம், யுக்ரைன் யுத்தத்தை ஒட்டி, ரஷ்ய வால்வுகள் இனி வராது என்று செய்தி பரவியது. கடைகளில் வால்வுகள் பறந்தன! விலை ஏறியது. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக நிலைமை மாறியது.

ஆனால் பெரும்பாலான பழைய ரகங்களை இன்று யாருமே செய்வதில்லை. உலகத்தில் எங்கெங்கோ அட்டைப் பெட்டிகளில் கிடக்கும் மிச்சச் சரக்குதான் உள்ளது. அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

இங்கேதான் பெட்டியின் பொய் ஆபத்தாகிறது. நல்ல வால்வைப் பெட்டி "கெட்டது" என்று சொன்னால் அது குப்பைக்குப் போகும். திரும்ப வராது. கெட்ட வால்வை "நல்லது" என்று சொன்னால், அது இன்னொருவர் கருவியில் ஏறி, விலை உயர்ந்த டிரான்ஸ்பார்மரை எரித்துவிடலாம். சந்தையில் "சோதித்துப் பார்த்தது" என்று சீட்டு ஒட்டி வால்வு விற்கிறார்கள். எந்தப் பெட்டியில் சோதித்தது? அந்தப் பெட்டியை யார் சோதித்தது? விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்காமல் காசைக் கொடுப்பதில்லை.

அதனால்தான் ஒழுங்காகப் பழுது பார்த்து அளவு சரி செய்த சில ஹிக்காக் பெட்டிகள் ஆயிரம் டாலருக்கு மேலும் விலை போகின்றன. ஒரு காலத்தில் குப்பையில் கிடந்தவை!

பேரனின் கை

இன்னும் ஒரு கவலை உண்டு. பெட்டி தப்பிவிடும். கைப்பழக்கம் தப்புமா?

எந்த ரெசிஸ்டர் முதலில் கெடும், எந்தத் திருகைத் தொடக் கூடாது, முள் எப்படி நடுங்கினால் சாக்கெட் தப்பு, எப்படி நடுங்கினால் வால்வு தப்பு என்பதெல்லாம் முழுவதும் கையேட்டில் இல்லை. அது அந்த முதியவர்களின் விரலில் இருக்கிறது.

பழைய ரேடியோ ஆர்வலர்கள் 1952-ம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது. புளூம்பீல்டு என்ற ஊரில் அதற்கு ஒரு பொருட்காட்சி சாலையும் உண்டு. இங்கிலாந்தில் 1976-ல் இதே போன்ற சங்கம் தோன்றியது. கையேடுகளையும் வரைபடங்களையும் பிரதி எடுத்து, கேட்பவர்களுக்குக் கிடைக்கும்படி செய்கிறவர்கள் பலர். எழுதாத பாடத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்லிக் கொடுக்க முடியும். சில வீடுகளில் பேரப் பிள்ளைகள் மேஜையின் மறுபக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார்கள்.

தாத்தா வால்வைச் செருகுகிறார். பேரன் காகிதச் சுருளை உருட்டி எண்ணைப் படிக்கிறான். குமிழ்கள் திரும்புகின்றன. உள்ளே நீல ஒளி. பேரன் பொத்தானை அழுத்துகிறான். முள் மெல்ல நகர்கிறது.

அறுபது ஆண்டுக்கு முன் மருந்துக் கடையில் தாத்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதே போலப் பேரனும் நிற்கிறான்.

ஒரே ஒரு வித்தியாசம். அன்று பெட்டி சொன்னதை அவர் அப்படியே நம்பினார். இன்று, அவருடைய பெட்டியை நம்பலாம்!